இடம் மாறிய மச்சம்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம்பாதீர்கள். எதையும் தப்பில்லாமல் சொல்லிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் பெரிய பொய்யாகச் சொல்லி மாட்டிக்கொள்வது எங்களைப் போன்றவர்கள்தான். என் பொய் ஓர் அரசாங்கப் படிவத்தில், என் கையெழுத்தோடு இருக்கிறது.

எனக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது மகள் யாழினிக்கு இரண்டு வயது. (எந்த நாடு என்று கேட்காதீர்கள். எங்கள் விசா இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.) கணவர் ஏற்காடு மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுபவர். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் ரைட்டருக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. அதனால் நானும் குழந்தையும் முதலில் போவது, பறிப்பு முடிந்ததும் அவர் வந்து சேர்வது என்று ஏற்பாடு.

ஆனால் கோளாறு அதற்கு ஒரு வருடம் முன்பே, யாழினிக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோதே தொடங்கிவிட்டது. ஏற்காட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. தினமும் வைப்பது மிளகு அளவு. அன்றைக்குப் போட்டோ என்பதால் காபிக்கொட்டை அளவு.

"பொட்டைக் கம்ப்யூட்டர்லயே அழிச்சுடட்டுங்களா?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர்.

"ஐயோ, வேண்டாமுங்க. எத்தன பேரு கண்ணு படற போட்டோ அது!"

(நான் தாவரவியல் பட்டதாரி. சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

பாஸ்போர்ட் வந்துவிட்டது. மச்சம் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வருடம் விசா படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். "முகத்தில் தெரியும் அடையாளங்கள்" என்று ஒரு கட்டம் இருந்தது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, 'இல்லை'ன்னு போட்டா, போட்டோவுல இருக்குதேன்னு கேப்பாங்களே?"

"பொட்டுன்னு எழுதிடு."

"அழிச்சுட்டு வேற போட்டோவோட வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டா? காலேஜ் தொறந்துருமுங்க."

பின்னால் காபிப் பழ மூட்டைகளை எடை போடும் சத்தம் கேட்டது. "அப்ப மச்சம்னு போட்டு உடு அம்மிணி. ஆளுக நிக்கறாங்க."

போட்டுவிட்டேன். கருப்பு மச்சம், இடது கன்னம். பாஸ்போர்ட்டுக்கும் படிவத்துக்கும் இனி முரண்பாடே கிடையாது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். குழந்தைக்கும் அவற்றுக்கும்தான் முரண்பாடு. அது எனக்குத் தோன்றவில்லை.

நெஞ்சு எக்ஸ்ரே, இன்சூரன்ஸ், தங்குமிடக் கடிதம், தடுப்பூசி அட்டை என்று ஃபைல் கருங்கல் மாதிரி கனத்தபோது விசா வந்தது. புறப்பட்ட அன்று மலையிறக்கத்தின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் யாழினி மூன்று இடங்களில் வாந்தி எடுத்தாள். விமானத்தில் பாக்கியை எடுத்தாள். கழுவிக் கழுவி அவள் முகம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. போய் இறங்கும்போது அங்கே நடுமதியம். எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே தனி வேலையாக இருந்தது.

இமிக்ரேஷன் வரிசையில் நின்றபடி ஃபைலைப் பதினோராவது முறையாகச் சரிபார்த்தேன். விசா படிவத்தின் நகல் வந்தது. கருப்பு மச்சம், இடது கன்னம். இடுப்பிலிருந்த யாழினியைப் பார்த்தேன். கன்னத்தில் ஒன்றுமே இல்லை.

மூளை உள்ள பெண் அங்கேயே நிறுத்தியிருப்பாள். நான் பையில் கைவிட்டு மை டப்பாவை எடுத்தேன். குழந்தை என்னைப் பார்த்தபடி இருந்தாள். என் இடது கைப்பக்கம் தெரிந்த கன்னத்தில், காபிக்கொட்டை அளவுக்கு, அழுத்தி வைத்தேன்.

பின்னால் நாமக்கல் பக்கத்து மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க வெச்சது பாப்பாவுக்கு வலது கன்னமுங்க."

அதற்குள் "அடுத்தவர்" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டுக்குள் இருந்த அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மையார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"மச்சம் படத்தில் மறு கன்னத்தில் இருக்கிறதே?"

என் ஆங்கிலம் மோசமில்லை. மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண். அத்தனையையும் திரட்டி, தெளிவான உச்சரிப்பில் சொன்னேன்: "அது இடம் மாறும்."

அந்தச் சமயம் பார்த்து யாழினி என் தோளில் முகத்தைப் புரட்டினாள். மச்சத்தில் பாதி என் வெள்ளைச் சட்டைக்கு வந்துவிட்டது. மீதி அவள் காதுவரை நீண்டது.

எங்களைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். அம்மையார் எதிரே அமர்ந்து தணிந்த குரலில் கேட்டார்: "இது யாருடைய குழந்தை?"

தூக்கம், களைப்பு எல்லாம் அந்த நொடியில் போய்விட்டது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அதுவரை பயந்தேன். குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடவும் முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளை இறுக்கிக்கொண்டேன். "என்னுது" என்று தமிழில்தான் வந்தது. அதற்கு மேல் எந்த மொழியிலும் வரவில்லை.

போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். இலங்கைத் தமிழ்ப் பெண். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.  மறுமுனையில் சிரிப்பை அடக்கும் குரல் கேட்டது.

"அழாதேங்கோ அம்மா. நாங்களும் பிள்ளையளுக்கு வைக்கிறனாங்கள். ஆனா விசா படிவத்தில ஒருத்தரும் எழுதிறேல்லை."

அவர் விளக்கியதைக் கேட்ட அம்மையார் என் போனில் குழந்தையின் படங்கள் இருக்கின்றனவா என்றார். இருந்தன, ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறந்த பத்தாம் நாள்: மச்சம் நெற்றியில். ஆறாம் மாதம்: தாடையில். முதல் பிறந்தநாள்: இரண்டு கன்னத்திலும். என் மகளின் மச்சம் முகம் முழுக்க ஊர் சுற்றியிருந்தது. எல்லாப் படத்திலும் அவளைத் தூக்கி வைத்திருந்தது நான். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீங்கள் சொன்னது உண்மைதான். இடம் மாறுகிறது."

ஈரத் துணியால் யாழினியின் கன்னத்தை அவரே துடைத்துவிட்டு, கணினியில் ஏதோ குறிப்பு எழுதி, முத்திரை வைத்தார். கல்லூரி அனுப்பிய வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது. நடைபாதையில் பெட்டியின் மேல் உட்கார்ந்து கணவரைக் கூப்பிட்டேன்.

"உள்ள உட்டாங்களா?"

"உட்டாங்க."

"மச்சம்?"

சொன்னேன். அவர் அங்கே எடைத் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்ததைப் பறிக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் மலை முழுக்கப் பரவிவிட்டது.

இன்றுவரை எங்கள் வீட்டில் சாவி காணாமல் போனாலும் செருப்பு காணாமல் போனாலும் ஒரே பதில்தான்: "அது இடம் மாறும்."

இந்த வருடம், ஆறு வயதாகிவிட்ட யாழினியின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க ஊருக்கு வந்தோம். அதே ஸ்டுடியோ. கன்னத்தில் ஒன்றும் வைக்கவில்லை. படிவத்தில் அடையாளம் 'இல்லை' என்று எழுதினேன். ஆனாலும் எத்தனை பேர் கண் படுகிற போட்டோ! யாரும் பார்க்காதபோது அவள் ஷூவைக் கழற்றி உள்ளங்காலில் சின்னதாக ஒன்று வைத்துவிட்டேன்.

கணவர் பார்த்துவிட்டார். "எந்தக் கால் அம்மிணி?"

"இடது காலுங்க."

யாழினி குனிந்து பார்த்துச் சொன்னாள்: "அம்மா, இது வலது கால்."