ஓர் ஏரியும் முப்பது ஜோடிச் செருப்பும்

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆக்லாந்தில் யாராவது வீடு கட்டப் போனால், மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் எங்கே தேங்கும், எந்த வழியாக வடியும் என்று கணக்குப் போட்டு அறிக்கை எழுதிக் கொடுக்கிற வடிகால் இன்ஜினியர் நான். பதினைந்து வருஷ அனுபவம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்துகொண்டு நீங்கள் சிரிப்பதைவிட, இப்போதே சிரித்து முடித்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

நாலு வருஷத்துக்கு முன்பு, ஹென்டர்சனில் ஒரு பழைய மரக்கட்டட ஹாலில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில், பெரிய பிள்ளைகளுக்கு நானும் யோகன் மாஸ்டரும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் திருச்சி. அவர் யாழ்ப்பாணம். வாரநாளில் மங்கரேயில் விமானச் சரக்கு ஏற்றுகிற இடத்தில் சூப்பர்வைசர், சனிக்கிழமை மட்டும் மாஸ்டர். வகுப்பில் மொத்தம் ஏழு பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள் நிலா, அப்போது பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள்.

அந்த டெர்ம் ஆரம்பத்தில் காரில் வரும்போது, வகுப்பு போரடிக்கிறது, இந்த டெர்மோடு நின்றுவிடுகிறேன் என்றாள். கத்திச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னாள். பயந்துபோனேன். எனக்குக் கொஞ்சவும் திட்டவும் தெரிந்தது அந்த ஒரு பாஷைதான். அதுவும் போய்விட்டால் பெற்ற பெண்ணிடம் வடிகால் அறிக்கை மாதிரிதான் பேச வேண்டியிருக்கும். பெற்றோர் தினம் வரைக்கும் வந்து பார், அப்போதும் போரடித்தால் நின்றுவிடு என்று பேரம் பேசினேன். சரி என்று தோளைக் குலுக்கினாள்.

அந்த டெர்மின் பாடம் யோகன் மாஸ்டர் தானே எழுதிய கதை. ஓர் ஏரி. கரைக்கு மேலே ஓர் ஊர், கீழே ஓர் ஊர். தண்ணீரைத் திறந்துவிடும் மதகு மேலூர்க்காரர்கள் கையில். ஏரி ரொம்பிக்கொண்டே வருகிறது. கீழூரிலிருந்து ஒரு பெண் தினமும் மேலே ஏறிவந்து, கரை தாங்குமா, கொஞ்சம் திறந்துவிடுங்களேன் என்று கேட்கிறாள். சிரித்து அனுப்புகிறார்கள். கடைசியில் கரை உடைகிறது. அவ்வளவுதான் கதை. அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுதச் சொன்னோம். ஏழு பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு வரி எழுதினார்கள். நிலா ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: சோகம்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும்போதெல்லாம் வீட்டில் யாருக்காவது கஷ்டம் என்பது என் கணவர் கருத்து.) இந்தப் பிள்ளைகள் ஸ்கூலில் பாலம் கட்டுகிறார்கள், ரோபோ செய்கிறார்கள். கதை வகுப்பில் மட்டும் ஏன் பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்? ஏரியைக் கட்டுவோம், கதையை நடத்திப் பார்ப்போம் என்றேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் உந்தக் கதையை வாசிக்கிறதுக்குத்தானே எழுதினனான், ரீச்சர்,” என்றார். பிறகு, “ஓம், பிள்ளையளுக்கு விருப்பமெண்டால் செய்வம்.”

பிள்ளைகளுக்கு விருப்பம் இருந்தது. இரண்டு மேஜையைச் சேர்த்துப்போட்டு, அதன்மேல் குழந்தைகள் இறங்கி விளையாடுகிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியைப் பாதியாக வெட்டி வைத்து, வெட்டின பக்கத்தில் களிமண்ணும் மணலும் குழைத்துக் கரை போட்டோம். நடுவில் சட்டம் அடித்து, பலகையில் மதகு. கீழே தட்டுகளில் வயல். கட்டி முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. நிலா ஒரு நாள் தவறாமல் வந்தாள். கரை, மதகு, வாய்க்கால் என்று அவள் வாயில் வார்த்தைகள் வந்து விழுந்தபோது அழுகை வந்து, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அதைவிடப் பெரிய சந்தோஷம், அவளுக்குக் கதையின் முடிவு பிடிக்காமல் போனது. ஏன் கரை உடைய வேண்டும், அந்தப் பெண்ணே மேலே வந்து மதகைத் திறக்கட்டும் என்று மாஸ்டரிடம் சண்டை போட்டாள். அவர் விட்டுக்கொடுத்தார். அந்தப் பெண்ணாக அவளே நடிப்பது என்று முடிவாயிற்று.

ஒரு வாரம் அவள் கேட்டாள், கரை உடைந்தால் இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று. இன்னொரு பையன், இந்தப் பலகை ஊறி வீங்காதா என்று கேட்டான். நல்ல கேள்விகள். இரண்டுக்கும் நான் ஒரே பதில் சொன்னேன்.

“ஒண்ணும் ஆகாதுப்பா.”

(பலகை எங்கள் வீட்டு அலமாரி செய்ததில் மிஞ்சியது. மரத்தூளை அழுத்திச் செய்த சாதி. தண்ணீர் பட்டால் இட்லி மாவு மாதிரி பொங்கும். பதினைந்து வருஷ அனுபவம் என்று சொன்னேன் அல்லவா.)

பெற்றோர் தினத்தன்று, புல்வெளியில் வைத்து நடத்துவதாக இருந்த ஏரி நாடகத்தை மழை வந்து கெடுத்தது. ஆக்லாந்து மழை, வெயில் அடிக்கும்போதே வந்துவிட்டது. மழைக்குப் பயந்து, நூறு லிட்டர் தண்ணீரை வாளி வாளியாக ஹாலுக்குள் கொண்டுபோன ஒரே வடிகால் இன்ஜினியர் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அதே மழையால், வழக்கமாக வெளிப்படியில் கிடக்கிற செருப்புகளும் உள்ளே வந்தன. கதவோரம் முப்பது ஜோடி வரிசையாகக் கிடந்தன. நிலா படிக்கிற ஸ்கூலின் பிரின்சிபாலை விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தோம். அந்த அம்மா நம் வழக்கத்தை மதித்து, மான்தோல் மாதிரி மெத்தென்றிருந்த பூட்ஸைக் கழற்றி வரிசையின் கடைசியில் பயபக்தியோடு வைத்தார். என் செருப்பை மட்டும், கூட்டத்தில் காணாமல் போய்விடுமே என்று மேடைமேல் வைத்திருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாடகம் நன்றாகத்தான் போனது. மாஸ்டர் கதையை வாசிக்க, மேலூர்க்காரர்கள் சிரிக்க, நிலா என் பழைய சுங்குடிச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தாள். மதகைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. காலையிலிருந்து ஊறிய பலகை வீங்கி, சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. வரவில்லை என்று என்னைப் பார்த்தாள். நான் மேடையோரம் நின்றுகொண்டு, ஒண்ணும் ஆகாது, பலமா இழு என்று சைகை காட்டினேன்.

இழுத்தாள். மதகு வந்தது. கூடவே சட்டம் வந்தது. சட்டத்தோடு கரை முழுவதும் வந்தது.

அத்தனை தண்ணீரும் ஹாலில் இறங்கியபோது, நான் தொழில்முறைத் தோரணையோடு கையைத் தூக்கி, யாரும் பயப்பட வேண்டாம், தண்ணீர் மேடைப் பக்கம்தான் வரும், எல்லாரும் கதவுப் பக்கம் போங்கள் என்று அறிவித்தேன். எத்தனையோ வீட்டு மனையின் சரிவை அளந்திருக்கிறேன். ஆறு வாரம் நின்ற தரையை அளக்கவில்லை. தண்ணீர் என் அறிவிப்பைக் கொஞ்சமும் மதிக்காமல், நான் அனுப்பிய ஜனங்களைத் துரத்திக்கொண்டு நேரே கதவுக்குப் போனது. ரப்பர் செருப்புகள் முதலில் மிதந்தன. ஷூக்கள் வாய் பிளந்து குடித்தன. பிரின்சிபாலின் பூட்ஸ் கடைசிவரை நிமிர்ந்து நின்று, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

யோகன் மாஸ்டர் கையிலிருந்த கதையை மெதுவாக மூடினார்.

“ரீச்சர், நான் எழுதேக்க இவ்வளவு தண்ணி இல்லை,” என்றார்.

பிரின்சிபால் அம்மா பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். காரில் கிடந்த என் கணவரின் ஜேண்டல்ஸை, அதாவது இந்த ஊர் ரப்பர் செருப்பை, மாட்டிக்கொண்டு, படகு விடுவதுபோல் காலை இழுத்து இழுத்து நடந்து போனார். (அந்த ஜேண்டல்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை. கேட்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.) மற்றவர்கள் ஈரச் சாக்ஸோடும் வெறுங்காலோடும் வண்டி ஓட்டிப் போனார்கள். நானும் மாஸ்டரும் துணிபோட்டுத் துடைத்தோம். போகும்போது என் செருப்பு மட்டும் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. நிலா அதைப் பார்த்தாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். சரி, இன்றோடு தமிழ் வகுப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் தன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். தமிழில், ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட முழுசாக எழுதியிருந்தாள். அதன் கடைசி வரிகள் எனக்கு மனப்பாடம்:

“கீழூர் அம்மாவுக்கு சோகம் இல்லை. கோபம். அவங்க முதலிலேயே கேட்டாங்க. மேலே இருந்தவங்க ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. ஏன்னா அவங்க செருப்பு கீழே இல்லை.”

அடுத்த சனிக்கிழமை மாஸ்டரிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, கதையில் தான் சொல்லாமல் விட்டதை இந்தப் பிள்ளை எழுதிவிட்டது என்றார். பக்கத்தில் நின்ற நிலா, அடுத்தது என்ன கட்டப் போகிறோம் என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். அன்றைக்கு நான் முகம் கழுவப் போகவில்லை. அங்கேயே நின்று அழுதேன். வேலையில்கூட இப்போதெல்லாம் அறிக்கை எழுதுவதற்கு முன், சரிவுக்குக் கீழே இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆனால் வீட்டில் மன்னிப்பு கிடையாது. நான் எதற்காவது “ஒண்ணும் ஆகாது” என்று சொன்னால் போதும், அப்பாவும் மகளும் எழுந்துபோய்த் தங்கள் செருப்பை எடுத்து அலமாரிமேல் வைப்பார்கள். விருந்தாளிகள் காரணம் கேட்பார்கள். முழுக் கதையும் முதலிலிருந்து சொல்லப்படும்.

போன மாதம் எனக்குப் பித்தப்பையில் ஒரு சின்ன ஆபரேஷன். உள்ளே கூட்டிப்போவதற்கு முன்பு நிலா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயதாகியும் என் கையை விடவில்லை. ஒண்ணும் ஆகாதுடா என்று சொன்னேன். அவள் குனிந்து, கட்டிலடியில் கிடந்த என் செருப்பை எடுத்து, சேலைத் தலைப்பு இல்லாததால் தன் சட்டையிலேயே துடைத்து, ஜன்னல் திண்டில் வைத்தாள்.

“இப்ப சொல்லும்மா,” என்றாள்.