நீர்வழி ஆலோசகர்

அறுபத்திரண்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நான் ஒரு பிராண்டாக மாறுவது என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். சோப்புக்கு ஒரு பிராண்டு இருக்கிறது, செருப்புக்கு ஒரு பிராண்டு இருக்கிறது, முப்பத்தெட்டு வருஷம் குழாய் ரிப்பேர் செய்தவனுக்கு இருக்கக் கூடாதா?

வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. குழாய் சொட்டுகிற சத்தத்தைத் தெருவில் நின்று கேட்டே, வாஷர் போயிருக்கிறதா மரை தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். ஆனால் கேட்கக் கூப்பிட யாராவது வேண்டுமே. இப்போதெல்லாம் ஜனங்கள் போனை எடுத்து விரலால் ஒரு தேய் தேய்க்கிறார்கள். பத்து நிமிஷத்தில் சீருடை போட்ட ஆள் வாசலில் நிற்கிறான். நான் என் கடை வாசலில் நிற்கிறேன்.

கடைக்குப் பின்தெருவில் நூற்று நாற்பது வீடுகள் உள்ள அடுக்குமாடி இருக்கிறது. அங்கே நிரந்தரமாகக் குழாய் வேலை பார்த்தவர் மகளோடு இருக்கப் போய்விட்டார். மாதக் கடைசிக்குள் புது ஆளை வைக்க வேண்டும். முடிவு செய்கிறவர் அந்தக் கட்டடத்து மானேஜரம்மா. அந்த வேலை கிடைத்தால் என் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் ஷட்டரை இழுத்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளை வந்தார். பெரிய ஆபீசில் என்னமோ வேலை. என்ன வேலை என்று எங்களுக்குச் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கே குழப்பம் வந்துவிட்டதால் நாங்கள் கேட்பதை நிறுத்திவிட்டோம். அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாமா, உங்களுக்கு வேலை தெரியும். உங்களை யாருக்குத் தெரியும்?"

நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. ஆள் பழக்கம் வேண்டும், அதற்கு நெட்வொர்க் என்று பேர், அது இருந்தால் நானே ஒரு பிராண்டு, வேலை தேடிக்கொண்டு வரும் என்றார். அதுவரை என் வீட்டில் இருந்த ஒரே வலை கொசுவலை. அதிலும் இரண்டு ஓட்டை.

மாப்பிள்ளையே வழியும் காட்டினார். வங்கிக்கு மேல்மாடியில் ஒரு ஹால். புதன்கிழமை தோறும் காலை ஏழரைக்குத் தொழில் செய்கிறவர்கள் இருபது பேர் கூடுகிறார்கள். ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்தான். ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றி ஒரு நிமிஷம் பேச வேண்டும். நிமிஷம் முடிந்தால் தலைவர் மணி அடிப்பார். அதற்குப் பிறகு, அவரவர் இன்னொரு உறுப்பினருக்கு ஒரு சிபாரிசுச் சீட்டு கொடுக்க வேண்டும். இன்னாருக்கு உங்கள் வேலை தேவைப்படுகிறது, இது விலாசம், இது போன் நம்பர் என்று. ஒரு வாரம் சீட்டு கொடுக்காதவருக்குக் கதவோரம் நாற்காலி. அடுத்த வாரமும் கொடுக்காதவருக்குக் கதவுக்கு வெளியே.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என் மனைவி எதிர்ப்பு சொல்ல மாட்டாள். சிரிப்பாள். எதிர்ப்பையாவது தாங்கலாம். அதனால் சாமான் கடையில் காலையிலேயே போனால்தான் நல்ல வால்வு கிடைக்கும் என்று ஒரு பொய் சொன்னேன். மாப்பிள்ளையிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கினேன். அவர் ஆறடி. நான் கைகளைத் தேடி எடுத்தால்தான் மற்றவருக்குக் கை கொடுக்க முடியும். கார்டும் அடித்தேன், கோட்டுப் போட்ட போட்டோவோடு. அச்சுக்கடைக்காரர் தொழில் என்ன போடலாம் என்றார். குழாய் ரிப்பேர் என்று வாய் வரை வந்தது. பிராண்டு தடுத்தது. "நீர்வழி ஆலோசகர்" என்று போடச் சொன்னேன். குழாய் என்ற சொல்லே கார்டில் இல்லை.

முதல் புதன்கிழமை, நீரின் அருமையைப் பற்றி ஆரம்பித்தேன். என் பேரைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு நல்ல சேதி காதில் விழுந்தது. தலைவர் ஒரு இன்ஷூரன்ஸ்காரர். நாலாவது வாரம் விருந்தாளியாக அந்த அடுக்குமாடி மானேஜரம்மா வருகிறார் என்று அறிவித்தார். நாலு வாரம் நாற்காலியைக் காப்பாற்றினால் போதும்.

ஆனால் சீட்டு? யாருக்கு என்ன தேவை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் வீடுகளுக்குள் போனால் தொட்டிக்கு அடியில்தான் இருப்பேன். வியர்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த திரைச்சீலைக்காரர் பேருக்கு ஒரு சீட்டு எழுதினேன். தேவைப்படுகிறவர்: எனக்குத் தெரிந்த ஒரு மரியாதையான அம்மாள். விலாசம்: என் வீடு. போன் நம்பர்: என் மனைவியுடையது.

வேறு நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கட்டில் முழுக்கத் துணி மாதிரிகள். அவள் ஒன்றை ஜன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ திரைச்சீலைக்காரர் வந்தாருங்க. ஒரு ஆலோசகர் அனுப்பினாராம்."

"அப்படியா?"

"உங்களுக்குத் தெரியுமா அவரை?"

"ஊருல ஆயிரம் ஆலோசகர்."

"நல்ல மனுஷனா இருக்கணும். நம்ம வீட்டுல மூணு ஜன்னல்னு சரியா சொல்லி அனுப்பியிருக்காரு."

நான் கை கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவின கைதான்.

இரண்டாவது வாரம் கரையான் மருந்துக்காரருக்கு எழுதினேன். அவர் வந்து வீடெல்லாம் தட்டிப் பார்த்தாராம். அலமாரி இரும்பு, கட்டில் இரும்பு, கதவு தகரம். கரையான் வந்தால் அதற்குத்தான் பல் போகும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். இருவரும் சிரித்து, டீ குடித்து, அவர் போகும்போது மணி பன்னிரண்டாம். மூன்றாவது வாரம் தலைவரையே அனுப்பினேன். வேறு வழியில்லை. அவர் என் மனைவியிடம், உங்கள் கணவர் உயிருக்குப் பாலிசி இருக்கிறதா என்று கேட்டாராம்.

"நான் கேட்டேன், ஆளு எங்கே போறாரு, யாருகிட்ட என்ன சொல்றாருன்னு தெரியாம வெளியே சுத்தினா அதுக்கும் பாலிசி உண்டான்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"இல்லைன்னாரு. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

ஒவ்வொரு நாளும் அந்த ஆலோசகரைப் பற்றி ஒரு விசாரணை நடத்துவாள். அவருக்கு உங்கள் வயசு இருக்குமாம், பாவம் கோட்டு பெரிசாம், மேல்வரிசையில் பல் ஒன்று இல்லையாம். நான் வாயை மூடிக்கொண்டே சாப்பிடப் பழகினேன்.

நாலாவது புதன்கிழமையும் வந்தது. மானேஜரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு. நான் இரண்டு நாள் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்திருந்தேன். எழுந்தேன். கைகளைக் கோட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தேன். நீர் என்பது ஒரு வழி, வழி என்பது ஒரு நம்பிக்கை, நம்பிக்கை என்பது ஓர் இணைப்பு என்று அடுக்கினேன். கைதட்டினார்கள். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. நேராகப் போய் அவர் கையில் கார்டைக் கொடுத்தேன்.

அவர் முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார்.

"நீங்க கிணத்துக்கு இடம் பார்க்கிறவரா சார்?"

"இல்லைங்க. ஆலோசனை..."

"எங்களுக்கு அவ்வளவு பெரிய ஆள் வேண்டாம் சார். சொட்டுற குழாயை நிறுத்த ஒரு ஆள் போதும். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

எனக்கு ஒரு ஆளைத் தெரியும். நன்றாகத் தெரியும். அந்த ஆள்தான் கோட்டுக்குள் மூச்சு முட்டி நின்றுகொண்டிருந்தான். சொல்ல வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டது. சீட்டு நேரம்.

திரைச்சீலைக்காரர் எழுந்தார். தனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார், அவர் வீட்டுக்காரர் முப்பத்தெட்டு வருஷமாகக் குழாய் வேலை செய்கிறவர், வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாராம் என்று சொல்லி, மானேஜரம்மாவிடம் ஒரு சீட்டை நீட்டினார். கரையான் மருந்துக்காரர் தானும் ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னார். தலைவர் மணியைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். மானேஜரம்மா மூன்றையும் நோட்டின் மேல் பரப்பிப் பார்த்தார்.

"மூணுலயும் ஒரே நம்பர்" என்றார்.

எந்த நம்பர் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு மனப்பாடமான நம்பர் அது ஒன்றுதான்.

எப்படிச் சொல்வேன், சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர் நான்தான் என்றால், மூன்று வாரமாக என் வீட்டு ஜன்னலையும் என் வீட்டுக் கரையானையும் என் உயிரையும் நானே சிபாரிசு செய்தேன் என்று ஆகும். கைகளை மறுபடியும் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். திரைச்சீலைக்காரர் அதோடு விட்டாரா? இப்பேர்ப்பட்ட அம்மாவைத் தங்கள் மூவருக்கும் அறிமுகம் செய்து வைத்ததே நம் ஆலோசகர் சார்தான் என்று என் பக்கம் கையைக் காட்டினார். மறுபடியும் கைதட்டல். மானேஜரம்மா திரும்பி எனக்கு நன்றி சொன்னார். நல்ல நெட்வொர்க் வைத்திருக்கிறேன் என்று பாராட்டினார்.

கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் போனில் இருந்தாள்.

"வருவாருங்க. எட்டு மணின்னா எட்டு மணி. கை சுத்தம். பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி, அதுக்கு நீங்க தலையை ஆட்டினா போதும்... ஆமாமா, அந்தக் கோட்டு போட்டுட்டு வந்தவரும் இவருதான்." அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாளையிலிருந்து வரச் சொல்லிட்டாங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கடை பிழைத்தது. சிரிப்பு தானாக வந்தது.

எப்படி இதெல்லாம் என்று கேட்டேன். ரகசியமே இல்லை. முதல் நாளே திரைச்சீலைக்காரர் என் கார்டைக் காட்டியிருக்கிறார். போட்டோவைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்திருக்கிறாள். நான் வீட்டில் இல்லாதது நல்லதாயிற்று. அப்புறம் மனசு கேட்கவில்லை. நம்பி வந்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்பலாமா? அவரைப் புது வீட்டுக்குப் போகிற தன் தங்கையிடம் அனுப்பினாள். கரையான் மருந்துக்காரரை நூலகத்துக்கு அனுப்பினாள். அங்கே புத்தகத்தைத் தொட்டாலே பொடியாக உதிர்கிறதாம். தலைவருக்குப் பாலிசி எடுக்க, அவள் போகிற தையல் வகுப்புப் பெண்கள் ஆறு பேரைக் காட்டினாள். மூவரும் திரும்ப வந்து நன்றி சொன்னபோது, போகிற இடத்தில் குழாய் சொட்டினால் எங்கள் வீட்டுக்காரரைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

"மூணு பேரும் அந்தக் கார்டுல இருக்கிற ஆளுதான் என் வீட்டுக்காரர்னு கண்டுபிடிக்கவே இல்லைங்க. அதுல எங்கேயாவது குழாய்னு போட்டிருந்தாத்தானே?"

தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு ஒப்பந்தம் எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை, ஐந்து வருஷம் என்றாள்.

"அவங்களா அஞ்சு வருஷம் கேட்டாங்க?"

"அவங்க ரெண்டுன்னுதான் சொன்னாங்க. நான்தான் விடாம பேசி அஞ்சு வாங்கினேன்."

கண் கலங்கிவிட்டது எனக்கு. என் கைத்தொழில் மேல் இவளுக்கு இவ்வளவு நம்பிக்கையா? முப்பத்தைந்து வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே. அதை அவளிடமே சொன்னேன்.

திரைச்சீலைக்காரர் விட்டுப்போன துணி மாதிரிகளை அவள் மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"போன வருஷம் கால் சுளுக்கிப் பத்து நாள் வீட்டுல இருந்தீங்களே, பத்து நாளும் அடுப்புப் பக்கத்துல நாற்காலி போட்டுக்கிட்டு எனக்குச் சமைக்கச் சொல்லிக் கொடுத்தீங்க. இந்த ஒப்பந்தத்துல ஞாயித்துக்கிழமையும் சேர்த்துக்கோங்கன்னு எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், அந்த அம்மாதான் ஒத்துக்கலை."