விழுந்தால் உண்டு, குதித்தால் இல்லை

உண்மையை மட்டுமே சொல்லி இன்ஷூரன்ஸ் விற்ற ஏஜெண்ட் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் செங்கல்பட்டில் இருந்தார். முப்பத்தைந்து வருடம் அந்தத் தொழிலில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஏஜென்சி லைசென்சில் இருந்தது. லைசென்சைப் புதுப்பிக்கும் நாளில் மட்டும் அந்தப் பெயர் வெளியே வந்து காற்று வாங்கிவிட்டு மறுபடி பைக்குள் போய்விடும். மற்ற நாட்களில் அவர் ஊருக்கும் ஆபீசுக்கும் ‘ஷரத்து’. பாலிசியின் பின்பக்கத்தில், எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அந்த ஷரத்து. மற்ற ஏஜெண்டுகள் முன்பக்கத்தைக் காட்டி விற்பார்கள். இவர் காகிதத்தைக் கையில் எடுத்ததுமே திருப்பிவிடுவார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அதைத் தூக்கினாரென்றால் குறைந்தது ஒரு மணி நேரம்.

மதுராந்தகத்தில் ஒரு நெல் வியாபாரி புது லாரி வாங்கி, பாலிசி போட இவரைக் கூப்பிட்டார். காலையில் உட்கார்ந்தவர்கள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. பாரம் அதிகமானால் கிடையாது, டிரைவர் குடித்திருந்தால் கிடையாது, ஏரிக்கரை உடைந்து வெள்ளம் வந்தால் அது வேறு பாலிசி.

வியாபாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னா சார் இது, லாரிய ஷெட்லயே நிறுத்தி வச்சாத்தான் டப்பு வரும் போல கீதே?" என்றார்.

"ஷெட்டு கூரை ஓலையா, ஓடா?" என்று கேட்டார் ஷரத்து.

அந்த மாதமே வியாபாரி லாரியை விற்றுவிட்டு, பழையபடி மாட்டுவண்டிக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் ஏறினாலும் இதே கதைதான். டிக்கெட்டைத் திருப்பிப் பின்னால் உள்ள விதிகளைப் படிக்காமல் உட்காரமாட்டார். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "பெருசு, குந்துறியா, எறங்குறியா?" என்று கேட்டதற்கு, "அதைத்தான் இன்னும் முடிவு பண்ணல. நாலாவது விதியைக் கொஞ்சம் விளக்குங்க" என்றாராம். டிரைவரே இறங்கி வந்து விளக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவரை ஏன் வைத்திருந்தோம் என்றால், அவரிடம் பாலிசி எடுத்தவர்கள் பணம் கேட்டு எழுதிய விண்ணப்பம் ஒன்றுகூடத் தள்ளுபடியானதில்லை. எது உண்டு, எது இல்லை என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான் கடைசிவரை மிஞ்சி, கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் மேனேஜர் அவரைத் தூக்கவும் முடியாமல், தாங்கவும் முடியாமல் தவித்தார்.

இத்தனைக்கும் அவருடைய விசேஷப் பாடம் கப்பல். எழுபதுகளில் மதராஸ் துறைமுகத்திலிருந்து பினாங்குக்குப் பயணிகள் கப்பல் போய்வந்துகொண்டிருந்தது. மாமல்லபுரத்துக் கடலோரக் குப்பங்களில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் பினாங்கில் வேலை செய்தார். அவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை வேண்டும். நான் சொல்லும் கப்பலில் இன்னொன்றும் கேட்டார்கள். வழியில் நோய் கண்டாலோ விபத்து நேர்ந்தாலோ செலவை ஏற்கும் இன்ஷூரன்ஸ் பாலிசி. அது இல்லாமல் கப்பல் படியில் கால் வைக்கக்கூடாது.

அந்தப் பாலிசியின் பதிமூன்று ஷரத்துகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். கடலை மட்டும் கிட்டத்தில் பார்த்ததில்லை. மாமல்லபுரத்துக்குப் போனால் பஸ் நிற்கும் இடத்தோடு சரி. "அலை கால்ல பட்டு வழுக்கிட்டா யார் சார் பொறுப்பு?" என்பார்.

அப்படிப்பட்டவரிடம் வந்து சேர்ந்தார் தனகோட்டி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் வாங்கி, கூடையில் சுமந்து செங்கல்பட்டு வரை கொண்டுவந்து விற்பவர். நாற்பது வயது இருக்கும். குரல் மட்டும் ரயிலுக்கு முன்பே ஜங்ஷனுக்கு வந்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் குரல் எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தது.

"ஏன் சார், நீங்கதான் இங்க பெரியவரா? எம் புருசன் மூஞ்ச பாத்து ஏழு வருசம் ஆவுது. பினாங்குல மூட்ட தூக்கசொல்ல வுழுந்து கால் ஒடிஞ்சி கெடக்குது. வந்து பாத்துக்கன்னு டிக்கிட்டு அனுப்பிகீது. ஊசி போட்டாச்சி, பாஸ்போட்டு கீது. வெள்ளிக்கெழம கப்பல். இந்த ஒரு காயிதத்துக்குக் கைநாட்டு வாங்க மாட்டேன்னு ஒங்காளு பேஜார் பண்ணிகினு கீறாரு!"

அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஷரத்தைக் கூப்பிட்டு விசாரித்தேன். விஷயம் சிக்கலானது.

கைநாட்டு வைப்பவர்களின் விண்ணப்பத்தில் கீழே ஒரு உறுதிமொழி இருக்கும். ‘நிபந்தனைகள் அனைத்தையும் இவருக்குத் தமிழில் வாசித்து விளக்கினேன்’ என்று ஏஜெண்ட் கையெழுத்திட வேண்டும். நாட்டில் அத்தனை ஏஜெண்டுகளும் வாசிக்காமலேயே போடும் கையெழுத்து அது. அதற்குக் கீழே நானே நூற்றுக்கணக்கில் சரிபார்த்ததாக முத்திரை குத்தியிருக்கிறேன். ஒன்றைக்கூட வாசிக்கக் கேட்டதில்லை.

ஷரத்து முந்தின நாள் குப்பத்துக்குப் போய் வாசிக்க உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு. கடலுக்குப் போகிறவர் மூழ்குவார், சாவார் என்ற பேச்சே அவர் காதில் விழக்கூடாது. இவரோ, "காப்பீடு பெற்றவர் கடலில் விழுந்து மரணமடைந்தால்" என்று ஆரம்பித்திருக்கிறார். அடுத்த சொல் வருவதற்குள் தனகோட்டியின் அண்ணன் ஏழுமலை அவருடைய குடையைப் பிடுங்கி அலையில் எறிந்துவிட்டார்.

"குடைக்குப் பாலிசி இல்ல சார்" என்றார் ஷரத்து துக்கத்தோடு.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். "யோவ் ஷரத்து, வாசிச்சேன்னு ஒரு கையெழுத்தைப் போட்டுத் தொலைய்யா."

"வாசிக்கலயே சார்."

"வாசிச்சதா நெனைச்சுக்கோ."

"நெனைச்சுக்கறதுக்குப் படிவத்துல எடம் இல்ல சார்."

இங்கேயே வாசித்துவிடுங்களேன் என்றேன். தனகோட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வாணாம் சார்! கடலேறப் போறவ நானு. ஒண்ணுமே கெடையாதுன்னு வச்சிகினு நாட்டு வைக்கிறேன், வுட்டுடுங்க."

"ஒண்ணுமே கிடையாதுங்கறதும் தப்பும்மா. சிலது உண்டு" என்றார் ஷரத்து.

தனகோட்டி பொத்திய கையை எடுத்துவிட்டு அழுதார். அவ்வளவு பெரிய குரல்காரர் சத்தமே இல்லாமல் அழுததுதான் எங்களை உலுக்கியது. வாரிசாகப் போட்டிருந்த அண்ணன் ஏழுமலையின் கைநாட்டும் வேண்டியிருந்ததால், மறுநாள் காலை நானும் ஷரத்தும் போய்ச் சமாதானம் பேசி வாங்கிவருவது என்று மேனேஜர் உத்தரவு போட்டார்.

போனோம். கட்டுமரங்கள் கரையேறி, மீன் ஏலம் முடிந்திருந்த நேரம். ஷரத்து அலைக்கு நாற்பது அடி தள்ளி, மணலில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு அதற்கு இந்தப் பக்கம் நின்றார். ஏழுமலை வலையைப் பழுது பார்த்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சாமி, இன்னிக்கு கொட கொண்டாரலியா?"

"அண்ணே, இது கப்பல்காரங்க கேக்கற காகிதம்" என்று ஆரம்பித்தேன்.

"கேக்கட்டும். எந்தங்கச்சி சாவுறான்னு எங்கரையில குந்திகினு ஒருத்தன் படிப்பான், அத்த நான் கேக்கணுமா? அவ்ளோ ஆசயா இருந்தா ஒம்பேரப் போட்டுப் படியேன்யா, பாக்கலாம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஷரத்து சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஹெட்கிளார்க் சார், பேரை மாத்தி வாசிச்சா ஷரத்து செல்லுமா?"

வாழ்நாளில் நான் விதியைப் புரட்டி ஒரு உருப்படியான காரியம் செய்தது அந்த ஒரு நிமிடத்தில்தான். "வாசித்து விளக்கினேன்னுதான் இருக்கு. யாரை உதாரணமா வச்சு விளக்கணும்னு இல்லை" என்றேன்.

ஷரத்து பூதக்கண்ணாடியைத் தூக்கினார்.

"ஒண்ணு. நான் கப்பல்ல ஏறும்போது படி வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சா, பணம் உண்டு."

கூட்டத்தில் நின்ற தனகோட்டி, "கம்பியப் புடிச்சிக்க நைனா!" என்றார்.

"ரெண்டு. அதே படியில குடிச்சிட்டு விழுந்தா, கிடையாது."

"இவுரு மூஞ்ச பாத்தா குடிக்கிற ஆளு மாரி இல்லியே?" என்றது ஒரு குரல். "மோரு குடிச்சிருப்பாருடா!" என்றது இன்னொன்று.

"மூணு. நான் தவறிக் கடல்ல விழுந்து மூழ்கிச் செத்தா, உண்டு. நாலு. நானே குதிச்சுச் செத்தா, கிடையாது."

"நீ ஏன்யா குதிக்கிறே?" என்று ஏழுமலை வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"தெரியலண்ணே. ஷரத்துல காரணம் போடல."

"கயித்தப் போட்டு இஸ்துடுவோம், கவலப்படாத!"

அதற்குப் பிறகு குப்பமே சுற்றி உட்கார்ந்துவிட்டது. ஷரத்துக்குக் காலரா வந்தது. பழைய மூலவியாதி திரும்பியது. அந்நிய தேசத்து யுத்தக் கப்பல் அவரைச் சுட்டது. ஒவ்வொரு முறையும் அவர் விழ, பெண்கள் ‘அய்யோ’ என்றார்கள். பணம் உண்டென்றதும் ‘அப்பாடா’ என்றார்கள்.

"பத்து. நான் கர்ப்பமா இருந்து, கப்பல்லயே பிரசவம் ஆனா, செலவு கிடையாது."

கரையில் இருந்த காக்கைகளெல்லாம் பறந்துபோயின, அப்படி ஒரு சிரிப்பு. "எத்தினி மாசம் நைனா?" என்று கேட்டார் ஒரு அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"மாசக் கணக்கு குறிப்பிடலம்மா. எத்தனை மாசமானாலும் கிடையாது" என்றார் ஷரத்து. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

கடைசி ஷரத்து வந்தது. "பதிமூணு. நான் செத்த பிறகு பணம் போய்ச் சேர வேண்டியது..." என்று நிறுத்தினார். பூதக்கண்ணாடியை இறக்கினார். அவருக்குப் பெண்டாட்டி, பிள்ளை, கூடப்பிறந்தவர் என்று யாரும் கிடையாது. இது எனக்குத் தெரியும். அந்த நிமிடம் வரை நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

"இந்த ஷரத்துக்கு உதாரணம் இல்லை" என்றார்.

"எம்பேரப் போட்டுக்க" என்றார் தனகோட்டி. "பினாங்குலேந்து வந்து வாங்கிக்கிறேன்."

அவர் கட்டைவிரல் மசியில் படிந்தது. ஏழுமலையின் விரலும் படிந்தது. ஷரத்து உறுதிமொழியைப் படித்து, மறுபடி படித்து, கையெழுத்திட்டார். கிளம்பப் போனவரை ஏழுமலை பிடித்து உட்கார வைத்தார். "ஒம்போது தபா செத்துக்கீற. சும்மா அனுப்புவோமா?" என்று வீட்டிலிருந்து உப்பும் மிளகாயும் எடுத்து வரச் சொன்னார். தனகோட்டி அதை அவர் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். குடைக்குப் பதிலாக ஒரு பெரிய வஞ்சிர மீனையும் கொடுத்தார்கள். பஸ் ஏறும் முன் ஷரத்து மெதுவாகக் கேட்டார்: "சார், கோட்டைத் தாண்டிட்டேன், கவனிச்சீங்களா?" திரும்பிப் பார்த்தேன். அவர் வேட்டிக் கரை நனைந்திருந்தது.

தனகோட்டி வெள்ளிக்கிழமை கப்பலேறினார். இரண்டு மாதம் கழித்துப் பினாங்கிலிருந்து யாரையோ கொண்டு எழுதிய கடிதம் ஆபீசுக்கு வந்தது: ‘என் வீட்டுக்காரர் நடக்கிறார். படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். செத்தவர் சௌக்கியமா?’ மேனேஜர் அதைப் படித்துவிட்டு என்ன ஏது என்று என்னைக் கேட்டார். விளக்குவதற்கு அரை நாள் ஆயிற்று.

அதன்பின் ஷரத்து எந்தப் பாலிசியையும் வேறொருவர் பெயரில் வாசிக்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் எரிந்தார், மதுராந்தகத்தில் லாரியில் அடிபட்டார், கொளவாய் ஏரியில் இரண்டு முறை மிதந்தார். அவர் சாவதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. அந்த லாரியை விற்ற வியாபாரிகூட மறுபடி ஒன்று வாங்கினார். நிஜமாகப் போன அன்று அவர் தூக்கத்தில் போனார். பதிமூன்றில் எதிலும் அடங்காத வகை.

போன மாதம் என் பேத்தி சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் போனாள். இன்ஷூரன்ஸ் எல்லாம் இப்போது செல்பேசியில்தான். "நிபந்தனைகளைப் படித்தேன்னு ஒரு கட்டம் இருக்கு தாத்தா, தொட்டா போதும்" என்று சொல்லிவிட்டுத் தொடாமல் குளிக்கப் போனாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, முழுவதையும் சத்தமாக வாசித்தேன். அவள் பெயரைப் போட வாய் வரவில்லை. என் பெயரைப் போட்டுக்கொண்டேன். முதல் ஷரத்து அதே கப்பல் படிதான். விழுந்தேன்.

ஷரத்து இருந்திருந்தால், எனக்குப் பதிலாக அவர் விழுந்திருப்பார்.