ஒளிக்க ஒன்றுமில்லாத வீடு

"சார், ஒரு சோதனை விஷயமா உங்ககிட்ட..." என்று இன்ஸ்பெக்டர் ஆரம்பித்ததுதான் தாமதம், முந்திரியார் வாசல் கதவை விரியத் திறந்துவிட்டார்.

"சோதனைதானே? தாராளமா வாங்க. எங்க வீட்ல ஒளிக்க ஒண்ணுமே இல்ல!"

தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். எதிரே நிற்பவர் வாயைத் திறக்குமுன்பே "பார்சலா? அடுத்த ஜன்னல்" என்று சொல்லிவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த முந்திரிக்கொட்டை என்ற பெயர், வயது ஏற ஏற மரியாதை சேர்ந்து முந்திரியார் ஆயிற்று. அதைத் தன் சுறுசுறுப்புக்குக் கிடைத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

முன்னறையில் அவர் மனைவி குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் பொடிசுகள் சாயங்காலம் வரை அந்த அறையில்தான் உருளும், அடித்துக்கொள்ளும், தூங்கும். அவளுக்கென்று பிள்ளை கிடையாது. தன்னை நம்பி இத்தனை பேர் பிள்ளையை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஒரே கர்வம், ஒரே சந்தோஷம்.

அவள் இடுப்பில் ஒரு குழந்தையோடு எட்டிப்பார்த்தாள். "என்னங்க, போலீஸ் எல்லாம்?"

"நீ சும்மா இரு. அந்த வாஷிங்மெஷின் மெக்கானிக் விஷயமாத்தான் இருக்கும். பாவம், மண்டையில அடிச்சுக் கால்வாய்ல போட்டுட்டாங்களே! அன்னிக்குக் காலைல கூட இங்க வந்துட்டுத்தான் போனான்."

இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"இங்க வந்தானா? நீங்க யார்கிட்டயும் சொல்லலியே?"

"யாரும் கேக்கலியே சார்!"

இன்ஸ்பெக்டர் தன்னோடு வந்த வயதான கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் முந்திரியாரைப் பார்த்தார். முந்திரியார் இருவரையும் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"அவன் பையில இருந்த பெரிய ஸ்பேனரைக் காணோம். அதாலதான் அடிச்சிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்பேனரா? எங்கிட்ட ஒரு பெட்டி நிறைய இருக்கு, பாருங்க!" என்று ஓடிப்போய்ப் பெட்டியோடு வந்தார். எல்லாம் பளபளவென்று மின்னின.

"புதுசா?"

"பழசுதான் சார். போன வாரம்தான் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன். ஒரு பொட்டு கறை இருக்காது."

பெட்டி ஜீப்புக்குப் போயிற்று. மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். "வாயை வச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"தானா சொன்னாத்தான்டி நம்புவாங்க" என்று கிசுகிசுத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்குப் பின்னாலேயே ஓடினார். "சார், எங்க வேணா பாருங்க. பாத்ரூம் தரையை மட்டும் பாத்து மிதிங்க. அந்த மெக்கானிக் செத்த வாரம்தான் நானே பேத்துப் புதுசா சிமெண்ட் பூசினேன்."

கடப்பாரை வந்தது. தரை உடைந்தது. கூடவே குழாயும் உடைந்தது. தண்ணீர் பொங்கி முன்னறைக்குள் ஓடி, தூங்கிக்கொண்டிருந்த பொடிசுகளின் பாய்களை நனைத்தது. ஒன்று அழ, எல்லாம் சேர்ந்து அழுதன. செய்தி பறந்து, அம்மாக்கள் ஆபீஸிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தும் பொறுப்பையும் முந்திரியாரே எடுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா! கொலை நம்ம வீட்ல நடக்கல. அப்படியே நடந்திருந்தாலும் உங்க குழந்தைங்க தூங்குற நேரத்துலதான் நடந்திருக்கும்!"

அடுத்த நிமிஷம் அறையில் ஒரு குழந்தைகூட இல்லை. மாற்று உடுப்புகளைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள்.

மறுநாள் இன்னும் நாலு பேர் மண்வெட்டியோடு வந்து தோட்டத்தைக் கொத்தினார்கள். வாஷிங்மெஷினை அக்கக்காகக் கழற்றிச் சாக்கில் கட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர், ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், வாசலில் வந்து நின்று உச்சுக் கொட்டினார்.

"உங்களுக்கா சார் இந்தக் கதி? பாக்கவே மனசு கேக்கல. நான் கொஞ்ச நாள் வெளியூர் போய் இருந்துட்டு வரேன்."

அவர் பெட்டி கனமாக இருந்தது. முந்திரியார்தான் ஒரு கை பிடித்துக் காரில் ஏற்றிவிட்டார்.

சோதனை முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. "இதையெல்லாம் யார் சார் சரிபண்றது?" என்று மனைவி கேட்டாள். "அது எங்க வேலை இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார் இன்ஸ்பெக்டர்.

தரையைப் பூசிவிடலாம், குழாயை மாற்றிவிடலாம். பிள்ளைகள் திரும்பி வரவில்லை. தெருக்கோடியில் வேறொருத்தி காப்பகம் திறந்தாள். தினம் காலையில் அதே பொடிசுகள் இந்த வாசலைத் தாண்டித்தான் அங்கே போயின. ஒரு வாண்டு பழக்கதோஷத்தில் உள்ளே ஓடிவரப் பார்த்தது. அதன் அம்மா வெடுக்கென்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்துவிட்டு முந்திரியாரின் மனைவி அன்று முழுக்க அழுதாள்.

"நம்ம வீட்டை யாருங்க காட்டிக்கொடுத்தது? அவன் நல்லா இருப்பானா?" என்பாள் தினமும்.

"விளங்கமாட்டான்! நாசமாப் போவான்!" என்று அவரும் கூடவே சபிப்பார்.

"எனக்கென்னமோ உங்க தங்கச்சி மேலதான் சந்தேகம். பாத்ரூம் தரை பளிச்சுனு இருக்கேன்னு கண்ணு வச்சுட்டுப் போனா."

அவருக்கும் அது சரியாகவே பட்டது. தங்கையைப் போனில் கூப்பிட்டு, கூடப்பிறந்த பாசத்தையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். அத்தோடு அந்த உறவும் அறுந்தது.

சில மாதம் கழித்து வயதான கான்ஸ்டபிள் ஸ்பேனர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"கேஸ் முடிஞ்சிடுச்சு சார். உங்க எதிர்வீட்டுக்காரன்தான். மெக்கானிக்கோட ஏதோ பழைய பகை. வெளியூர்ல வச்சுப் பிடிச்சோம், அந்த ஸ்பேனரும் அவன் பெட்டியிலயே இருந்துச்சு."

அந்தக் கனத்த பெட்டியை ஒரு கை பிடித்துக் காரில் ஏற்றிவிட்டது முந்திரியாருக்கு நினைவு வந்தது. அது அப்படியே கோபமாக மாறியது.

"கொலைகாரனை எதிர்ல வச்சுக்கிட்டு என் வீட்டை உடைச்சீங்களேய்யா! என் பொண்டாட்டி பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டீங்களே! எவன்யா எங்களைப் போட்டுக் கொடுத்தது?"

மனைவியும் வெறும் அறையிலிருந்து எழுந்து வந்தாள். "சொல்லுங்க சார். யார்னு தெரிஞ்சாத்தான் என் மனசு ஆறும். நான் கேக்கிற கேள்வியில அவன் நாக்கைப் பிடுங்கிக்கணும்."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முந்திரியாரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே சொன்னார்:

"யாரும் போட்டுக் கொடுக்கலம்மா. எதிர்வீட்டைச் சோதனை போடுறப்போ கூட நின்னு பாத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட, தெருவுல மரியாதையான ஆள் ஒருத்தர் வேணும்னுதான் அன்னிக்கு உங்க வீட்டுக் கதவைத் தட்டினோம்."