தரகர் பிடித்த வால்

செத்த ஆமைக்கும் மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். கோயமுத்தூர் விடுதியில் அவர் என் அறைத்தோழர். அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர் என்பதால் மகனுக்கும் தரகர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நான் விலங்கியல், அவர் வணிகவியல். படிப்பு முடிந்து நாகப்பட்டினம் பக்கம் எனக்கு ஆமைக் கணக்கெடுப்பு வேலை கிடைத்தபோது, கடலைப் பார்க்கலாமென்று அவரும் ஒட்டிக்கொண்டு அதே வேலைக்கு வந்துவிட்டார். கரையில் செத்து ஒதுங்கும் ஆமையை அளந்து, மறுபடி எண்ணிவிடாதபடி ஓட்டில் பெயின்ட் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் நாளே தரகர் ஓர் ஆமையின் வாயைத் திறந்து, வயது பார்க்கப் பல்லைத் தேடினார்.

"ஒரு பல்லுகூட இல்லீங்க. ரொம்ப வயசானவராட்டத் தெரியுதுங்க."

ஆமைக்குப் பிறவியிலேயே பல் கிடையாது என்று சொன்னேன். பாவம் என்றார்.

அதைவிடக் கொடுமை வால். படுத்த மாட்டை எழுப்ப வாலைத் திருகுவார்களே, அந்தப் பழக்கத்தில் ஒவ்வோர் ஆமையின் வாலையும் தொட்டு, "ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க" என்பார். நாறிப்போனதற்கும் இதே உபசாரம்தான். மீனவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

வலையில் ஆமை சிக்கினால் அவர்கள் எங்களிடம் மூச்சுவிடமாட்டார்கள். கேஸ் ஆகிவிடும் என்று பயம். தரகர் வீடு வீடாகப் போய் டீ குடித்து, ஒன்றும் ஆகாதுங்க என்று பேசிப் பேசி, கடைசியில் அந்தோணி என்ற ஒரே ஒருவர் நம்பினார். ஒரு நாள் காலை, வலையில் மாட்டிய ஆமையைப் படகிலேயே கொண்டுவந்து இறக்கினார். அது அசையவில்லை. கூட்டம் கூடிவிட்டது. அந்தோணிக்கு முகம் வெளுத்துவிட்டது. அது செத்து அவர்மேல் கேஸ் ஆகிவிட்டால் இனி அந்தக் கரையில் யாரும் எங்களை நம்பப்போவதில்லை. நான் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

"இருங்க, ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்" என்று தரகர் குனிந்து வாலைத் தொட்டார்.

வால் லேசாகச் சுருண்டது. காற்றாக இருக்கும் என்றேன். மறுபடி தொட்டார். மறுபடி சுருண்டது.

மூழ்கி மயங்கிய ஆமைக்குப் பின்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும் என்று படித்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பலகையை முட்டுக்கொடுத்து, தரகரின் துண்டை நனைத்துப் போர்த்தி உட்கார்ந்தோம். அந்தோணி சாப்பிடக்கூடப் போகவில்லை. சாயங்காலம் அது தலையைத் தூக்கி ஒரு பெருமூச்சு விட்டது. படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் விட்டோம்.

தரகர் கைகூப்பி, "போயிட்டு வாங்க" என்றார்.

"மறுபடியும் என் வலைக்கேவா சார்?" என்றார் அந்தோணி.

தரகர் இப்போது பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம் பார்க்கிறார். நான் இன்னும் அதே கரையில்தான் நடக்கிறேன். அவரில்லாமல் கரை வெறிச்சென்று இருக்கிறது. பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, வாலைத் தொட்டு, "ஏனுங்க" என்று ஒரு தடவை நானும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.