ஒற்றைக்கண்ணனுக்கு இன்னொரு கண்

அன்பிற்குரிய மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். உன் கார் பட்டறையும் அங்கே பெயிண்டுக்குக் காத்திருக்கும் வண்டிகளும் நலமாக இருக்கட்டும். என் அலமாரியிலுள்ள பொம்மைகளும் நலம், ஒருவனைத் தவிர. அவனைப் பற்றித்தான் இக்கடிதம்.

எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலம் முழுவதும் ஒரு மாணவனைக்கூட அதட்டாதவன் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் முன்மாதிரி ஏதும் இல்லை. ஆனால் காது சுடுகிறது, சோறு இறங்கவில்லை. அறிகுறிகள் எல்லாம் அந்தப் பக்கமே காட்டுகின்றன.

நான் பழைய சாகச வீரர் பொம்மைகளையும் அவர்களை வைத்து வந்த விளம்பரப் பொருள்களையும் சேர்ப்பவன். அதை ஊரறியச் செய்தவனே நீதான்; கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், "அத்தானுக்கு என்ன வாங்கிட்டு வரலாம், கிலுகிலுப்பையா?" என்று கேட்டாய். அப்போதும் நான் சிரித்தேன். அந்தப் பொம்மைகளுக்குள் தலையாயவன் இடிக்கரத்தான். ஒரு பல்பொடிக் கம்பெனி அந்தக் காலத்தில் டப்பாவோடு இலவசமாகக் கொடுத்த விரல் நீளப் பொம்மை. எல்லா இடிக்கரத்தானுக்கும் முகமூடியில் இரண்டு கண்கள். என்னுடையவனுக்கு ஒன்றே ஒன்று. தொழிற்சாலையில் வண்ணம் தீட்டியவர் ஏதோ யோசனையில் மற்றதை விட்டுவிட்டார். அந்த மறதிதானப்பா அவன் பெருமை! எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒருவன் கிடையாது. கூட்டங்களில் கதவோரம் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கைதட்டிவிட்டு வீடு திரும்பும் என்னை, இந்த ஆண்டுக் கண்காட்சியில் அவனை நடுமேசையில் நிறுத்தி நாலு வார்த்தை பேசச் சொல்லியிருந்தார்கள். அந்த நாலு வார்த்தையைக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று எத்தனை முறை சொல்லிப் பார்த்தேன் என்பது அந்தக் கண்ணாடிக்குத்தான் தெரியும்.

இந்த நேரம் பார்த்து எனக்குக் கண்புரை அறுவை. ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்கிறேன், கூடத்தில் நீ நிற்கிறாய், உன் உள்ளங்கையில் இடிக்கரத்தான் நிற்கிறான், இரண்டு கண்ணாலும் என்னைப் பார்க்கிறான். அந்த வீட்டில் மிஞ்சிய ஒற்றைக்கண்ணன் நான் ஒருவன்தான். "பாவம் அத்தான், ஒத்தக் கண்ணோட எத்தனை வருஷமா நின்னானோ. போட்டு விட்டுட்டேன்" என்றாய். கண்ணோடு விட்டாயா? சாயம் போன மேலங்கிக்குக் கார் பெயிண்ட், அதற்கு மேல் மினுமினுப்பு, அதற்கு மேல் பாலிஷ். மழையில் விட்டாலும் ஒன்றும் ஆகாதாம். அவன் ஏன்டா மழையில் போகிறான்? அவன் அலமாரியில் இருப்பவன்! அதோடும் விடவில்லை. சுவரில் மாட்டியிருந்த அந்தப் பல்பொடியின் தகர விளம்பரப் பலகையையும் இறக்கி, துருவைச் சுரண்டி, நெளிவைத் தட்டி நிமிர்த்தி, புதிதாக எழுதி, கீழ் மூலையில் உன் பட்டறையின் பெயரையும் போன் நம்பரையும் போட்டிருக்கிறாய். இப்போது அந்தப் பலகைப் படத்தில் இடிக்கரத்தான் ஒரு கையில் லாரியைத் தூக்கிக்கொண்டு, பல்பொடிக்கா டிங்கரிங் வேலைக்கா, எதற்கு ஆள் கூப்பிடுகிறான் என்று அவனுக்கே தெரியாது.

அன்று நான் உன்னிடம் "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்று சொல்லி, என் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தேன். அந்த வாக்கியத்தை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். டீயைப் பெற வழியில்லை.

நேற்று சங்கச் செயலாளர் அவனைக் கண்காட்சிக்கு எடுத்துப் போக வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், "சார், இவனுக்குக் கண்ணு வந்துடுச்சே" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். நடுமேசை இப்போது ஒரு பல் டாக்டருடைய பிஸ்கட் டின்னுக்குப் போய்விட்டது. எனக்குக் கதவோரம் நாற்காலி போட்டிருக்கிறார்களாம். ஆகவே மைத்துனா, நீ ஒரு முரடன், கேட்காமல் கை வைப்பவன், பெயிண்ட் டப்பா கையில் கிடைத்தால் நிலாவுக்கும் ஒரு கோட் அடிப்பவன். இனி என் அலமாரிப் பக்கம் உன் நிழல்கூட விழக் கூடாது. இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆனாலும் எழுதிய வரியை அடிக்கப் போவதில்லை.

நீயும் உன் பிள்ளைகளும் நோய் நொடியின்றி, கைநிறைய வேலையோடு, என் வீட்டிலிருந்து தொலைவில் நீடு வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். "அவன எதுக்குத் திட்டறீங்க? எடுத்துக் குடுத்ததே நான்தான். தினம் அலமாரியத் துடைக்கிறவ நான். ஒத்தக் கண்ணால என்னையே முறைச்சிட்டு நின்னா எத்தன நாள்தான் பொறுக்கறது? கோவம்னா என்கிட்ட காட்டுங்க" என்றாள். காட்டவில்லை. எனவே மேலே உள்ள வசவுகள் எதுவும் உன்னைச் சேர்ந்தவை அல்ல. இப்போதைக்கு யாரையும் சேர்ந்தவை அல்ல. இனி அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: நீ செய்த வேலை மிக அழகு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வரவும். இத்துடன் வரும் அட்டைப்பெட்டியில் மற்ற பொம்மைகளும் இருக்கின்றன; எல்லாருக்கும் அதே மினுமினுப்பு அடித்துக் கொண்டுவரவும்.

அவள் உள்ளே போய்விட்டாள். பெட்டியைத் திறக்காதே.