முதலில் பெயர்ப்பலகை

சேவை செய்யத்தான் சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன் என்று சொல்லும் வியாபாரிகளை நான் நம்புவதில்லை. நான் ஆர்டர் பிடிக்கத்தான் சேர்ந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் பைப், குழாய் விற்கும் கடை வைத்திருந்தேன். எங்கள் சங்கத் தலைவர் நாவலூரில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த பில்டர். அதற்கான பைப் முழுவதும் என் கடையிலிருந்தே போக வேண்டும் என்பதுதான் என் லட்சியம். (சங்க பேட்ஜை வீட்டில்கூடக் கழற்றாமல் திரிந்த காலம் அது.)

மாடம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டித்தரச் சங்கம் முடிவு செய்தது. பொறுப்பை நான் பாய்ந்து வாங்கிக்கொண்டேன். கட்டடம் முடிந்தது, மேலே தொட்டியும் ஏறியது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பிளம்பர், "பாய், போர்லேர்ந்து டேங்குக்கு இன்னும் லைன் இழுக்கல. அத முடிச்சிடட்டா?" என்று கேட்டார். தலைவர் பெயர் பொறித்த கிரானைட் பலகை அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. முதலில் அதைப் பதியுங்கள், கோணலாகப் போனால் என் பிழைப்பே போய்விடும் என்றேன். பதித்தார். பிறகு கதவுக்குக் கதவு என் கடை ஸ்டிக்கரை ஒட்டினோம். லைனை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

மறுநாள் தலைவர் ரிப்பன் வெட்டி, கைதட்டலுக்கு நடுவே குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது.

தலைமையாசிரியை பலகையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேரெல்லாம் இருக்கு சார். தண்ணி எங்க?"

பைப் கடைக்காரன் கட்டிய கழிப்பறையில் பைப் இல்லை. மானம் கப்பலேறியது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சேவை செய்யத்தானே சங்கத்துக்கு வந்தீங்க?" என்றார்.

"இல்ல சார், உங்க நாவலூர் ஆர்டருக்காக வந்தேன். ஆனா பசங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள தண்ணி வரும்." (அந்தத் திமிர் எங்கிருந்து வந்ததோ.)

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பிளம்பரோடு சேர்ந்து நானும் பள்ளம் தோண்டினேன். கடைசி மணி அடிப்பதற்குள் தண்ணீர் வந்தது. ஆர்டர் வேறு கடைக்குப் போனது. சங்கத்தை விட்டு விலகச் சொல்லி ஜாடைமாடையாகப் பேசினார்கள். நான் விலகவில்லை, வாரா வாரம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அங்கே எல்லோரும் எதையோ எதிர்பார்த்துத்தான் வந்தார்கள், நான் வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான். வந்த காரணம் எதுவானால் என்ன, அந்தக் குழாயில் இன்றும் தண்ணீர் வருகிறது.

சங்கத்தில் நிமிர்ந்து நிற்கிற எனக்கு வீட்டில்தான் வாய் திறக்க முடிவதில்லை. மோட்டார் போட மறந்தால் போதும், மனைவி ஷமீமா முகமெல்லாம் சோப்போடு குளியலறையிலிருந்து கூப்பிடுவாள்.

"என்னங்க, பேர் போர்டு மாட்டியாச்சா?"